வாதம் என்று எழுதினால் போதுமா?

பக்கவாதம் வந்து பிழைத்த ஒருவரின் மருத்துவமனைச் சீட்டை எடுத்துப் பாருங்கள். நோயின் பெயர் இருக்கும். ரத்த அழுத்தமும் சர்க்கரை அளவும் இருக்கும். மாத்திரைகளின் பட்டியல் இருக்கும். கடைசியில் ஒரு வரியாக, “பிசியோதெரபி” என்று எழுதியிருக்கும். நாளைக் காலை அவர் தானாக எழுந்து கழிப்பறைக்குப் போவாரா, சட்டைப் பொத்தானைப் போடுவாரா, பழைய வேலைக்குத் திரும்புவாரா என்பதற்கு அந்தச் சீட்டில் பதில் இருக்காது. ஆனால் நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் தெரிய வேண்டியது அதுதான்.

ராமேசுவரம் தீவில் பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் இடையே இருக்கிறது அக்காள்மடம். வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. தீவுக்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். எடுத்துக்காட்டுக்காக இந்த ஊரில் இருவரை மனத்தில் வைத்துக்கொள்வோம். இருவருக்கும் வயது ஐம்பத்தைந்து. இருவருக்குமே மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்து, இடது கையும் காலும் விளங்காமல் போயின. மூன்று மாதப் பயிற்சிக்குப் பிறகு இருவரின் இடது கால் வலுவும் ஒன்றுபோலவே இருக்கிறது. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை மதிப்பிடும் தசை வலு அளவுகோலில் நான்கு. சிகிச்சை அறையின் சிமென்ட் தரையில் இருவரும் கம்பு ஊன்றாமல் பத்து மீட்டர் நடந்துவிடுகிறார்கள். இருவர் சீட்டிலும் ‘நல்ல முன்னேற்றம்’ என்று எழுதப்படுகிறது.

ஒருவர் நெடுஞ்சாலை ஓரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். கல்லாவில் உட்கார்ந்து வலது கையால் கணக்கு எழுதுவார். சாமான் எடுத்துக் கொடுக்க மகன் இருக்கிறான். அவர் வாழ்க்கை ஏறக்குறையப் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இன்னொருவர் வள்ளத்தில் போய் வலை விடுகிறவர். கரையிலிருந்து முழங்கால் ஆழமோ இடுப்பு ஆழமோ தண்ணீரில் நடந்துபோய், வள்ளத்தின் விளிம்பைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். ஏறிய பின்னும் காலடியில் பலகை ஆடிக்கொண்டே இருக்கும். அதில் நின்றபடி, நனைந்து கனத்த வலையை இரண்டு கையாலும் இழுக்க வேண்டும். அவருக்கு அந்தப் பத்து மீட்டர் சிமென்ட் நடை கரை வரைக்கும்கூடக் கொண்டுசேர்க்காது.

நோய் ஒன்றுதான், தசை வலுவும் ஒன்றுதான். இயலாமை மட்டும் ஆளுக்கு ஆள் வேறாக இருக்கிறது. நோயை வகைப்படுத்துவது ஒரு வேலை. அந்த நோயால் ஒருவருக்கு எது முடியாமல் போயிற்று என்று வகைப்படுத்துவது வேறொரு வேலை. பிசியோதெரபி நிற்பது இந்த இரண்டாவது வேலையின் மேல். ஒருவர் வாழும் ஊரையும் செய்யும் தொழிலையும் கணக்கில் எடுக்காமல் அதைச் செய்ய முடியாது என்பதே இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

சாவுக் கணக்கில் தொடங்கிய பட்டியல்

உலகம் இன்று பயன்படுத்தும் நோய்ப் பட்டியலின் வேர் மரணக் கணக்கில் இருக்கிறது. பிரெஞ்சுப் புள்ளியியலாளர் ஜாக் பெர்ட்டியோன் 1893ஆம் ஆண்டு சிகாகோவில் ஒரு பட்டியலை முன்வைத்தார். மக்கள் எதனால் இறக்கிறார்கள் என்பதை எல்லா நாடுகளும் ஒரே முறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். 1948இல் உலக சுகாதார நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றபோது வந்த ஆறாவது திருத்தத்தில்தான், ஆளைக் கொல்லாமல் வருத்தும் நோய்களும் முறையாக இடம்பெற்றன. ஐ.சி.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அந்தப் பட்டியலின் பதினோராவது பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது.

இந்தப் பட்டியல் இல்லாமல் மருத்துவம் நடக்காது. எந்த மாவட்டத்தில் எந்த நோய் கூடுகிறது, எந்த மருந்து எவ்வளவு வாங்கி வைக்க வேண்டும், காப்பீட்டுப் பணம் எதற்குத் தரவேண்டும் என்பதற்கெல்லாம் இதுவே அடிப்படை. ஆனால் நம் மளிகைக் கடைக்காரருக்கும் மீனவருக்கும் இது ஒரே குறியீட்டைத்தான் தரும். சாவை எண்ணப் பிறந்த பட்டியல் பிழைத்தவரின் அன்றாடத்தைச் சொல்லாததில் வியப்பில்லை.

இந்த இடைவெளியை முதலில் தெளிவாகப் பேசியவர்களில் ஒருவர் சமூகவியலாளர் சாத் நாகி. எகிப்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றியவர். 1960களில் அவர் நான்கு படிகளைப் பிரித்துக் காட்டினார்: உடலுக்குள் நடக்கும் நோய், அதனால் ஓர் உறுப்பில் வரும் குறை, அதனால் ஆளுக்கு வரும் செயல் வரம்பு, அதனால் சமூகத்தில் அவர் வகிக்கும் பங்கில் வரும் இயலாமை. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குப் போவது எல்லோருக்கும் கட்டாயமில்லை என்பதுதான் இதன் அருமை. விரல் நுனி உணர்விழந்தால் மிருதங்கக் கலைஞருக்கு அது பேரிழப்பு. கணக்கு ஆசிரியருக்கு அவ்வளவு இல்லை.

உலக சுகாதார நிறுவனம் 1980இல் சோதனை முறையில் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டது. அதில் நோய் குறையை உண்டாக்கும், குறை இயலாமையை உண்டாக்கும், இயலாமை சமூகப் பின்னடைவை உண்டாக்கும் என்று அம்புக்குறி ஒரே திசையில் போயிற்று. மாற்றுத்திறனாளிகள் இயக்கங்கள் இதை எதிர்த்தன. சக்கர நாற்காலியில் இருப்பவர் வாக்குச்சாவடிக்குள் போக முடியாததற்குக் காரணம் அவருடைய முதுகுத்தண்டா, வாசலில் கட்டிய மூன்று படிகளா என்று கேட்டன. அந்தக் கேள்விக்கு விடையாக வந்ததுதான் 2001 மே 22 அன்று உலக சுகாதாரப் பேரவை ஏற்றுக்கொண்ட புதிய வகைப்பாடு. செயல்பாடு, இயலாமை, உடல்நலம் ஆகியவற்றின் பன்னாட்டு வகைப்பாடு என்பது அதன் முழுப் பெயர், ஐ.சி.எஃப். என்பது சுருக்கம். இதில் அம்புக்குறிகள் இரு பக்கமும் ஓடுகின்றன. உடல், செயல், சமூகப் பங்கேற்பு, சுற்றுச்சூழல், தனிமனித இயல்பு எல்லாம் ஒன்றையொன்று பாதிக்கும். பிசியோதெரபிஸ்டுகளின் உலகக் கூட்டமைப்பு 2003இல் இதை ஆதரித்தது.

கடற்கரையில் ஒரு கேஸ் ஷீட்

ஐ.சி.எஃப். பட்டியலில் ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட குறியீடுகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓர் எழுத்தில் தொடங்கும். ‘பி’ என்றால் உடலின் இயக்கம். ‘எஸ்’ என்றால் உடலின் அமைப்பு. ‘டி’ என்றால் செயலும் பங்கேற்பும். ‘ஈ’ என்றால் சுற்றுச்சூழல். குறியீட்டுக்குப் பின் ஒரு புள்ளி வைத்து, சிக்கலின் அளவை எண்ணில் எழுத வேண்டும். 0 என்றால் சிக்கல் இல்லை. 1 இலேசானது, 5 முதல் 24 சதவீதம். 2 நடுத்தரம், 25 முதல் 49 வரை. 3 கடுமை, 50 முதல் 95 வரை. 4 முழுமை, 96 முதல் 100 வரை.

நம் மீனவருக்கு எழுதிப் பார்ப்போம். உடலின் ஒரு பக்கத் தசை வலுவுக்கான குறியீடு பி7302. அவருடைய வலு பெரும்பாலும் திரும்பிவிட்டதால் பி7302.1. குறைந்த தூரம் நடப்பதற்கு டி4500. அதற்கும் 1 போடலாம். பெரும்பாலான கேஸ் ஷீட்டுகள் இங்கேயே நின்றுவிடும்.

அடுத்த குறியீடு டி4502. வெவ்வேறு பரப்புகளில் நடப்பது. சரிவு, மேடு பள்ளம், புல்தரை, சரளைக்கல், பனி என்று விளக்கிக்கொண்டே வந்து, ஓடும் ரயிலிலோ கப்பலிலோ நடப்பதையும் இந்தக் குறியீட்டுக்குள் சேர்த்திருக்கிறார்கள். ஆடும் பலகையில் நிற்கும் அக்காள்மடத்து மீனவருக்கு உலகப் பட்டியலில் இடம் இருக்கிறது. வலையை இழுப்பதற்கு டி4450. நீந்துவதற்கு டி4554. குத்துக்காலிட்டு உட்காருவதற்கு டி4101. மீன் கூடையைத் தலையில் சுமப்பதற்குக்கூட டி4304 என்று தனிக் குறியீடு உண்டு. ‘ஈ’ வரிசையில் நீர்நிலைகளுக்கு ஈ2101. வாடைக் காற்றுக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும்போது அது இவருக்குக் கடுமையான தடை. தென்கடல் அடங்கிக் கிடக்கும் நாளில் தடை குறைவு. அப்படிப் பருவத்துக்கு ஏற்ப மாற்றி எழுதவும் இந்த முறை இடம் தருகிறது.

சுற்றுச்சூழல் தடையாகவும் இருக்கும், துணையாகவும் இருக்கும். துணையாக இருந்தால் எண்ணுக்கு முன் கூட்டல் குறி போடுவார்கள். நடமாட்டத்துக்கான கருவிகளின் குறியீடு ஈ120. நான்கு கால் ஊன்றுகோலை எடுத்துக்கொள்ளுங்கள். சிகிச்சை அறையில் அது நல்ல துணை. கூட்டல் குறியோடு 3 போடலாம். அதே ஊன்றுகோலைக் கடற்கரை மணலில் ஊன்றினால் நான்கு காலும் ஒவ்வோர் ஆழத்துக்குப் புதையும். பிடி ஒரு பக்கம் சாயும். உடலின் பாரம் அதோடு சேர்ந்து சாயும். துணையாக இருந்தது தள்ளிவிடும் கருவியாகிவிடும். அகன்ற அடிப்பாகம் கொண்ட ஒற்றைக் கம்பு இங்கே மேல். கால் பாதம் தொங்காமல் இருக்கப் போடும் பிளாஸ்டிக் பட்டைக்கும் இதே கதைதான். உள்ளே மணல் புகுந்தால் தோலை உராயும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவருக்குப் புண் வந்தது தெரியவே தெரியாது. கருவி எழுதிக் கொடுக்கும்போது, அது எந்தத் தரையில் பயன்படப்போகிறது என்பதையும் எழுதியாக வேண்டும்.

முடிவதும் செய்வதும்

ஐ.சி.எஃப். முறையில் எனக்கு மிகவும் பயனுள்ளதாகத் தோன்றும் பகுதி, ‘டி’ குறியீடுகளுக்குப் பின் வரும் இரண்டு எண்கள். முதல் எண், அந்த ஆள் தன் சொந்த இடத்தில் உண்மையில் என்ன செய்கிறார் என்பதைச் சொல்லும். இரண்டாவது எண், தடையில்லாத பொதுவான சூழலில், உதவியில்லாமல் அவரால் எவ்வளவு முடியும் என்பதைச் சொல்லும். நம் மீனவருக்கு டி4502.42 என்று எழுத நேர்ந்தால் அதன் பொருள்: அவரால் ஓரளவு முடியும், ஆனால் அவர் செய்வதே இல்லை.

இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள தூரத்தில்தான் சிகிச்சைக்கான வழி கிடக்கிறது. முடிவதற்கும் செய்வதற்கும் இவ்வளவு வித்தியாசம் ஏன்? மணலில் விழுந்துவிடுவார் என்று மனைவி வாசலைத் தாண்ட விடவில்லையா? வாதம் அடித்தவனை ஏற்றினால் பொறுப்பு யார் ஏற்பது என்று கூட்டாளிகள் தயங்குகிறார்களா? வள்ளத்தில் பிடித்து ஏற ஒரு கயிற்றுப் பிடி இல்லையா? மறுபடி வந்துவிடுமோ என்று அவரே அஞ்சுகிறாரா? ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தசைக்கு மட்டும் பயிற்சி கொடுத்துக்கொண்டே இருந்தால் இவற்றில் எதுவும் தீராது.

இதே கணக்கு மறுபக்கமும் பேசும். சில வேலைகளுக்குத் திரும்புவது ஆபத்து. இடது கை வலுவில்லாமல், நீந்த முடியாமல் ஆழ்கடலுக்குப் போகச் சொல்வது சிகிச்சையாகாது. அப்போது தொழில் வாழ்க்கைக்கான குறியீடான டி850ஐ முன்னால் வைத்து யோசிக்க வேண்டும். கரையில் கிழிந்த வலையைச் செப்பனிட வேண்டுமானால் இடது கையின் எந்த விரல்கள் வலையைப் பிடிக்க வேண்டும், எந்த விரல்கள் நூலை இழுக்க வேண்டும் என்று பார்த்து அந்த அசைவுகளைப் பயிற்றலாம். ரப்பர் பந்தை அமுக்கச் சொல்வதைவிட அது பொருளுள்ள பயிற்சி. அவர் கைக்கு ஏற்கெனவே பழகிய வேலை அது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட குறியீடுகளை யார் எழுதிக்கொண்டிருப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் பல நோய்களுக்குச் சுருக்கப் பட்டியல்கள் தயாரிக்கப்பட்டன. 2004இல் வெளியான பக்கவாதப் பட்டியலின் விரிந்த வடிவத்தில் 130 இனங்கள், சுருங்கிய வடிவத்தில் 18. பரபரப்பான வெளிநோயாளர் பிரிவில் 18ஐப் பார்த்துவிடலாம். அதோடு ஊருக்கும் தொழிலுக்கும் உரிய நான்கைந்தைச் சேர்த்துக்கொள்வது அந்தந்தச் சிகிச்சையாளரின் பொறுப்பு.

இடுப்பு வலிக்கு எத்தனை பெயர்கள்

பக்கவாதத்தில் நோயின் பெயராவது தெளிவு. இடுப்பு வலியில் அதுவும் குழப்பம். “டிஸ்க் விலகிடுச்சு”, “ஜவ்வு தேஞ்சிருச்சு”, “எலும்பு வளர்ந்திருக்கு” என்று ஸ்கேன் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு பயந்துபோய் வருகிறவர்கள் ஏராளம்.

மன்னார் வளைகுடாவில் பாசி எடுக்கும் பெண்களை எண்ணிப் பாருங்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டிய மரிக்கொழுந்துப் பாசியைக் குனிந்தும் முங்கியும் பறிக்கிறார்கள். நீர் சொட்டும் பாசியைச் சுமந்து கரையேறுகிறார்கள். பாக் நீரிணைப் பக்கம் மூங்கில் மிதவைகளில் பாசி வளர்ப்பவர்கள், சுமார் 45 நாளில் விளைந்து கனத்த மிதவையைக் கரைக்கு இழுக்கிறார்கள். தங்கச்சிமடம் பக்கம் மல்லிகை நாற்று போடுகிறவர்கள் நாள் முழுக்கக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். இவர்களில் யாரை ஸ்கேன் எடுத்தாலும் வட்டுகளில் ஏதாவது தெரியலாம். ஆனால் வலியே இல்லாதவர்களுக்கும் அது தெரியும். 2015இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, வலியில்லாத 3,110 பேரின் முதுகுத்தண்டுப் படங்களைப் பற்றிய ஆய்வுகளை ஒன்றுசேர்த்தது. இருபது வயதினரிலேயே 37 சதவீதம் பேருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது; எண்பது வயதினரில் 96 சதவீதம். வட்டுப் பிதுக்கம் இருபது வயதில் 30 சதவீதம், எண்பதில் 84 சதவீதம். படத்தில் தெரிவதை அப்படியே நோயின் பெயராக்கினால், நரைத்த முடியையும் நோய்ப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கும்.

அதனால் பிசியோதெரபி தனக்கென்று சில வகைப்பாடுகளை உருவாக்கிக்கொண்டது. முதல் சல்லடை ஆபத்தைப் பிரிப்பது. உட்காரும் இடத்தில் உணர்வு போவது, சிறுநீர் அடைத்துக்கொள்வது அல்லது அடக்க முடியாமல் போவது, இரண்டு கால்களும் வலுவிழந்து வருவது ஆகியவை இடுப்பு வலியோடு சேர்ந்து வந்தால் பயிற்சிக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். பனை மரத்திலிருந்து விழுந்த பின் வரும் வலி, காய்ச்சலோடும் எடை இழப்போடும் வரும் வலி ஆகியவற்றுக்கும் முதல் இடம் மருத்துவர்தான்.

இரண்டாவது சல்லடை அசைவு. 1956இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சியிடம் இடுப்பிலிருந்து கால் வரை வலி இறங்கிய ஒருவர் வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி விட்டிருந்த கட்டிலில் அவர் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டார். முதுகு பின்னோக்கி நன்றாக வளைந்தபடி சில நிமிடங்கள் கிடந்தவருக்குக் காலில் இருந்த வலி போய்விட்டது. அந்த நிகழ்ச்சியிலிருந்து மெக்கென்சி ஒரு முறையை வளர்த்தார். எந்தத் திசை அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால் வலி காலிலிருந்து இடுப்பை நோக்கிச் சுருங்குகிறது என்று பார்த்து வகைப்படுத்துவது அது. நோயாளியின் உடல் தரும் பதிலே இங்கே வகையின் பெயரைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது சல்லடை, வலி நாட்பட்டுப்போகும் வாய்ப்பு. இங்கிலாந்தின் கீல் பல்கலைக்கழகம் ஒன்பது கேள்விகளில் இதைக் கணிக்கும் ஒரு முறையை உருவாக்கியது. கேள்விகளில் பாதிக்கு மேல் உடம்பைப் பற்றியவை அல்ல. பயம், கவலை, இது சரியாகாது என்ற எண்ணம் ஆகியவற்றைப் பற்றியவை. ஆபத்து குறைவு, நடுத்தரம், அதிகம் என்று மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஏற்ற சிகிச்சை தந்து 851 பேரிடம் சோதித்தார்கள். 2011இல் வெளியான முடிவின்படி, எல்லோருக்கும் வழக்கமான சிகிச்சை தருவதைவிட இது நல்ல பலன் தந்தது. ஆபத்து குறைந்த பிரிவினருக்குத் தைரியமும் அறிவுரையும் போதுமாக இருந்தன. ‘ஜவ்வு தேஞ்சிருச்சு’ என்ற சொல் ஒரு பாசி எடுக்கும் பெண்ணைக் கடலுக்குப் போகாமலே செய்துவிடக்கூடும். வகைப்படுத்துகிறவர் எந்தப் பெயரைச் சொல்கிறார், எப்படிச் சொல்கிறார் என்பதும் சிகிச்சையின் பகுதி.

நோய் தீர்ந்த பின்னும்

நோயும் இயலாமையும் தனித்தனி என்பதைத் தமிழ்நாட்டுக்கு ஆழமாகக் கற்றுக்கொடுத்தது தொழுநோய். மருந்து கிருமியைக் கொன்றுவிடும். ஆனால் நரம்பு சேதமாகி மடங்கிப்போன விரல்கள் அப்படியே இருக்கும். நோய்ப் பட்டியலில் அந்த நோயாளி குணமானவர். ஆனால் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க முடியாதவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்ட், தசைநாண்களை இடம் மாற்றி அந்த விரல்களை நிமிர்த்தும் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தார். அறுவைக்கு முன்னும் பின்னும் பிசியோதெரபி இல்லாமல் அந்தக் கைகள் வேலைக்குத் திரும்பியிருக்காது. இடம் மாற்றிய தசைநாணுக்கு அதன் புதிய வேலையைப் பயிற்சிதான் கற்றுத்தரும்.

அங்கே பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் ஒரு வாகன விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழ் இயக்கம் இழந்தார். அவருடைய நோயின் பெயர் அதற்குப் பின் வாழ்நாள் முழுக்க மாறவில்லை. மாறியது மற்றதெல்லாம். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். கை அறுவைக்கு அறுவையாளர் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம் என்பதை ஒரு மருத்துவமனை யோசித்துப் பார்த்ததால் அது நடந்தது. பின்னர் நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்கிடம் மறுவாழ்வு மருத்துவம் கற்றுத் திரும்பினார். வேலூரில் அவர் முயற்சியில் எழுந்த மறுவாழ்வு நிலையம் 1966இல் திறக்கப்பட்டது. தென்காசி அருகே ஆய்க்குடியில் கழுத்துக்குக் கீழ் இயக்கம் இழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமர் சேவா சங்கமும் இதே உண்மையைப் பல்லாண்டுகளாக நடத்திக் காட்டி வருகிறது. ஐ.சி.எஃப். 2001இல் எழுத்தில் சொன்னதை இவர்கள் அதற்கு வெகு முன்பே வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள்.

சதவீதத்தின் கணக்கு

நோயின் வகைப்பாடு, இயலாமையின் வகைப்பாடு ஆகியவற்றோடு மூன்றாவதாக ஒரு வகைப்பாடும் நம் ஊர்களில் நடக்கிறது. அது சட்டத்தின் வகைப்பாடு. 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைகளை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை 21 ஆக்கியது. தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள், மூளை முடக்குவாதம், தசைச் சிதைவு நோய், அமிலவீச்சில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லாம் அதில் உண்டு. நீண்டகாலக் குறைபாடு தடைகளோடு மோதும்போது சமூகத்தில் சமமாகப் பங்கேற்பது தடைப்படுகிறது என்று அந்தச் சட்டம் மாற்றுத்திறனாளியை வரையறுக்கிறது. ஐ.சி.எஃப். பேசும் அதே மொழி.

ஆனால் இடஒதுக்கீடு போன்ற பலன்களுக்கு 40 சதவீதம் என்ற கோட்டைத் தாண்ட வேண்டும். அந்தச் சதவீதத்தைக் கணக்கிடும் மைய அரசின் வழிகாட்டி பெரும்பாலும் உடலைத்தான் அளக்கிறது. மூட்டு எவ்வளவு மடங்குகிறது, தசை எவ்வளவு வலு என்று பார்த்து, இரண்டு குறைகள் இருந்தால் ஒரு சூத்திரத்தால் சேர்க்கிறார்கள். ஒன்று 40, மற்றது 20 என்றால் கூட்டுத்தொகை 60 ஆகாது. 90இலிருந்து 40ஐக் கழித்து, வரும் 50ஐ 20ஆல் பெருக்கி, 90ஆல் வகுத்து, 40உடன் கூட்டுவார்கள். ஏறக்குறைய 51 வரும்.

இந்த வழிகாட்டியிலும் நம் வாழ்க்கையை அறிந்த ஒரு பகுதி இருக்கிறது. கையின் ஒருங்கிணைந்த இயக்கத்துக்குப் பத்துச் செயல்கள், ஒவ்வொன்றுக்கும் 9 மதிப்பெண். கையால் பிசைந்து உண்பது, தலை வாரிப் பின்னுவது, கால் கழுவுவது, வேட்டி கட்டுவது, பொத்தான் போடுவது என்று அவை போகின்றன. காலுக்குச் சரிவில் நடப்பது, படி ஏறுவது, குத்துக்காலிடுவது, சம்மணம் போடுவது ஆகியவற்றைப் பார்க்கிறார்கள். நாற்காலி வாழ்க்கையை மட்டும் அளவாகக் கொள்ளாத நல்ல சிந்தனை இது. இதை வகுத்தவர்கள் இன்னும் ஓர் அடி எடுத்துவைத்து, அந்த ஆளின் இடத்தையும் தொழிலையும் கேட்கும் ஒரு பகுதியைச் சேர்க்க வேண்டும். 35 சதவீதம் என்று சான்று பெறும் கடல் தொழிலாளியின் முழு வருமானமும் போயிருக்கலாம். அந்த இழப்பு இன்றைய கணக்கில் தெரிவதில்லை.

வீட்டு வாசலில் தொடங்கலாம்

தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து தரும் பிசியோதெரபியும் அடக்கம். அக்காள்மடம் போன்ற ஊருக்கு இதன் அருமை பெரிது. பாம்பன் பாலத்தைத் தாண்டி ராமநாதபுரத்துக்கு ஒவ்வொரு முறையும் பேருந்தில் போய் வருவது, கால் ஊன்ற முடியாதவருக்கும் கூட வருகிறவருக்கும் ஒரு நாள் கூலி இழப்பு. அதைவிடப் பெரிய நன்மை, வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் கண்ணால் பார்க்கிறார் என்பது. வாசற்படியின் உயரம், கழிப்பறைக்குப் போகும் மணல் பாதை, பிடிக்கக் கம்பி இல்லாத சுவர், கட்டிலின் உயரம் எல்லாம் மருத்துவமனையில் இருந்து கேட்டால் விடுபட்டுப்போகும். வீட்டில் அவை கண் முன்னால் நிற்கின்றன. ‘ஈ’ குறியீடுகளை நிரப்ப இதைவிட நல்ல இடம் இல்லை.

எனவே கேஸ் ஷீட்டில் மூன்று வரிகளுக்கு இடம் வேண்டும் என்று கேட்கிறேன். நோய் என்ன? இவருக்கு எந்த வேலை, எந்த இடத்தில் முடியவில்லை? அதை எது தடுக்கிறது, எது உதவுகிறது? குறியீட்டு எண் எழுத நேரம் இல்லாவிட்டால் தமிழில் ஒரு வாக்கியம் போதும். அடுத்த வாரம் வரும்போது முன்னேற்றத்தை இரண்டாவது வரியில் பார்க்க வேண்டும். “தசை வலு 3இலிருந்து 4” என்பதோடு, “வாசலைத் தாண்டி மணலில் தனியாக நடந்து மீன் ஏலம் வரை போய் வந்தார்” என்றும் எழுத வேண்டும். இந்தப் பதிவுகள் சேர்ந்தால், கடற்கரை ஊர்களுக்கு எந்த ஊன்றுகோல் வாங்க வேண்டும், மணல் பாதையில் எங்கே கல் பாவ வேண்டும், படகில் ஏற எங்கே ஒரு மேடை கட்ட வேண்டும் என்று ஊராட்சியும் மீன்வளத் துறையும் முடிவெடுக்கக் கையில் தரவு இருக்கும்.

நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியதும் உண்டு. நோயின் பெயரை மருத்துவர் சொல்வார். எது முடியாமல் போனதால் வாழ்க்கை நின்றுபோயிருக்கிறது என்பது நோயாளிக்குத்தான் தெரியும். அடுத்த முறை பிசியோதெரபிக்குப் போகும்போது, திரும்பச் செய்ய விரும்பும் மூன்று வேலைகளைத் தாளில் எழுதி எடுத்துப்போங்கள். தரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், கோயிலின் படி ஏற வேண்டும், பேத்தியைத் தூக்க வேண்டும், வள்ளத்தில் ஏற வேண்டும் என்று எதுவாக இருந்தாலும் எழுதுங்கள். அந்தத் தாளைச் சிகிச்சையாளரிடம் கொடுத்து, “இதற்கு என்ன பயிற்சி?” என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் விதமாகச் சிகிச்சை அமைந்தால்தான் பிசியோதெரபி தன் வேலையைச் செய்ததாகும்.